லாரி வாங்கினால் போதுமா? பர்மிட் யார் பெயரில் இருக்கிறது?

சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி, ராஜபாளையம் மில்களின் நூல், வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம் பக்கத்துத் தேங்காய் என வெளிமாநிலம் போகும் சரக்குக்கு நம் வட்டாரத்தில் குறைவில்லை. புளியரை தாண்டினால் கேரளம். ஆகவே நகையை விற்றோ, உறவினர்கள் கூட்டுச் சேர்ந்தோ லாரி வாங்க நினைக்கும் குடும்பங்கள் உண்டு. வண்டியின் விலையை விசாரிக்கும் நாம், பர்மிட்டை விசாரிப்பதில்லை.

வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சிறு வண்டிகளுக்கு, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் தேவையில்லை. அதற்கு மேற்பட்ட லாரி பல மாநிலங்களில் ஓட நேஷனல் பர்மிட் வேண்டும். முன்பு மாநிலவாரியாகக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 2010-இல் அது மாறி, நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம் வந்தது. இப்போது ஆண்டுக்கு 16,500 ரூபாய். அங்கீகாரக் கட்டணம் 1,000 ரூபாய் தனி. பர்மிட் 5 ஆண்டுகளுக்குக் கிடைத்தாலும், அங்கீகாரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

பழைய லாரி வாங்குவோர் கவனிக்க வேண்டியது வண்டியின் வயது. சாதாரண லாரிக்கு 12 ஆண்டும், மல்டி ஆக்சில் லாரிக்கு 15 ஆண்டும் கடந்தால் நேஷனல் பர்மிட் கிடையாது. 10 வயது லாரியை மலிவாக வாங்கினால், வெளிமாநில ஓட்டத்துக்கு மீதியிருப்பது 2 ஆண்டுகள்தான். போட்ட பணம் அதற்குள் திரும்புமா என்று கணக்குப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

பர்மிட் இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதமும், 6 மாதம் வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து விபத்தில் இருக்கிறது. பர்மிட் இல்லாத வண்டி விபத்துக்குள்ளானால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்சூரன்ஸ் கட்டியிருந்தும், வீட்டை விற்கும் நிலை வரலாம்.

இன்னொரு விஷயம் நம் குடும்பங்களுக்கு மிக முக்கியமானது. பர்மிட் சொத்தைப் போலத் தானாக வாரிசுக்குப் போகாது. அதை வைத்திருப்பவர் வஃபாத்தானால், வண்டியைப் பொறுப்பேற்பவர் 30 நாட்களுக்குள் போக்குவரத்து அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தால் 3 மாதம் வரை அதே பர்மிட்டில் ஓட்டலாம். பெயர் மாற்ற விண்ணப்பமும் அந்த 3 மாதத்துக்குள் போக வேண்டும்.

மனைவியின் இத்தா 4 மாதம் 10 நாள். இத்தா முடியட்டும் என்று காத்திருந்தால் கெடு தாண்டிவிடும். ஆகவே மகனோ, சகோதரரோ, ஜமாஅத்தில் விவரம் தெரிந்தவரோ முதல் மாதத்திலேயே காகிதங்களைத் தயார் செய்து, அந்தச் சகோதரியின் கையொப்பத்தை வீட்டிலேயே வாங்கிக்கொள்ளலாம். நேரில் போக வேண்டிய அவசியம் வந்தால் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கூட்டாக வாங்குவோருக்கும் இதே எச்சரிக்கை. நான்கு பேர் பணம் போட்டாலும் ஆர்.சி.யும் பர்மிட்டும் ஒருவர் பெயரில் இருந்தால், அதிகாரியின் பார்வையில் அவரே உரிமையாளர். கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளச் சொல்கிறது அல்பகரா 282-ஆம் வசனம். யார் பங்கு எவ்வளவு, யார் பெயரில் பர்மிட், ஒருவர் மறைந்தால் என்ன என்பதை லாரி வாங்கும் நாளிலேயே நாம் எழுதி வைப்போம். எத்தீம் பிள்ளைகளின் உரிமை வாய்வார்த்தையில் தங்கியிருக்கக் கூடாது.