ஜன்னலில் நின்றுபோகும் சிக்னல்

வெயிலைத் தடுக்கும் நவீன ஜன்னல் கண்ணாடியில் பூசப்படும் வெள்ளிப் படலத்தின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத இந்தப் படலம், கண்ணாடிச் சுவர் எழுப்பிய கட்டடங்களுக்குள் செல்போன் சிக்னல் மங்கிப்போக முக்கியமான காரணம்.

'லோ-இ' என்று கட்டுமானத் துறையினர் சொல்லும் இந்தக் கண்ணாடி அருமையான கண்டுபிடிப்பு. வெள்ளிப் படலத்தின் இருபுறமும் உலோக ஆக்சைடு அடுக்குகள் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளி வெள்ளியில் பட்டுத் திரும்பாதபடி இவை பார்த்துக்கொள்கின்றன. அதனால் அறைக்குள் வெளிச்சம் வருகிறது. அகச்சிவப்பு வெப்பம் பெரும்பாலும் வெளியே திருப்பப்படுகிறது. சென்னை வெயிலில் ஏசி மின்கட்டணத்தைக் குறைக்க இதைவிட எளிய வழி அதிகமில்லை.

சிக்கல் ரேடியோ அலைகளிடம் இருக்கிறது. செல்போன்கள் பயன்படுத்தும் 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு, நானோமீட்டர் கணக்கில் உள்ள ஆக்சைடு அடுக்குகள் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. எஞ்சுவது வெள்ளி மட்டும். இவ்வளவு மெல்லிய படலத்தை அலை சுலபமாகக் கடந்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் அலை பட்டதும் வெள்ளியில் உள்ள எலக்ட்ரான்கள் ஓடத் தொடங்குகின்றன. அந்த மின்னோட்டம் தானே ஓர் எதிர் அலையை உண்டாக்கி, உள்ளே நுழைந்த அலையை ஏறக்குறைய முழுதாக அழித்துவிடுகிறது.

இங்கே தீர்மானிப்பது படலத்தின் மின்தடை. வெட்டவெளியில் அலைக்கு உள்ள மின்மறுப்பு 377 ஓம். படலத்தின் மின்தடை அதற்கு எவ்வளவு கீழே போகிறதோ, அவ்வளவு சிக்னல் தடைபடும். ஒரு சதுரத்துக்கு 4 ஓம் உள்ள படலத்தில் இழப்பு 30 டெசிபலைத் தாண்டுகிறது. அதாவது, வந்த திறனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட உள்ளே போவதில்லை.

இதன் விளைவு சாதாரணமானதல்ல. கோபுரத்தை எட்டிப் பிடிக்க செல்போன் கூடுதல் திறனில் அலைகளை அனுப்ப, பேட்டரி விரைவில் தீர்கிறது. அவசர உதவி எண் 112-ஐ அழைக்க வேண்டிய நேரத்தில் அழைப்பு துண்டிக்கப்படலாம். உரிமமில்லாத சிக்னல் பூஸ்டரை வாங்கி மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது சட்டவிரோதம், அக்கம்பக்கத்தாரின் சிக்னலையும் கெடுக்கும். கட்டடத்துக்குள் தனி ஆன்டெனா வலையமைப்பு அமைப்பது முறையான தீர்வுதான். பெரிய நிறுவனங்களுக்கு அது கட்டுப்படியாகும். சிறிய மருத்துவமனைக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் சுமை.

கண்ணாடியிலேயே தீர்வு உண்டு. சுவிட்சர்லாந்தில் லோசான் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், ரயில் ஜன்னல்களின் படலத்தில் லேசரால் மெல்லிய கோடுகள் கீறி, அதைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்தார்கள். பிஎல்எஸ் ரயில் நிறுவனம் அந்த ஜன்னல்களைத் தன் ரயில்களில் பொருத்தியது. கட்டம் சில மில்லிமீட்டர் அளவில் இருந்தால், 33 சென்டிமீட்டர் அலையின் மின்னோட்டம் அதில் நீண்டு ஓட முடியாது. அலை உள்ளே வந்துவிடும். வெப்ப அலையின் நீளமோ மைக்ரோமீட்டர் கணக்கில்தான். அதற்கு ஒவ்வொரு கட்டமும் முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி மாதிரிதான் என்பதால், அது வழக்கம்போலத் திருப்பி அனுப்பப்படுகிறது. ஒரே படலத்தில் இரண்டு பயனும் கிடைக்கும்போது, ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்புக்கு நட்சத்திர மதிப்பீடு வழங்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் விதிமுறைகளை வெளியிட்டது. வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் கட்டி முடித்த பிறகு நட்சத்திரம் குறைந்தால், முகப்புக் கண்ணாடியைப் பெயர்த்து மாற்றவா முடியும்? கண்ணாடி தேர்வாவது வரைபட நிலையில். ஆற்றல் சேமிப்புக் கட்டட விதிகள் ஜன்னல் கண்ணாடி எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்று வரம்பு சொல்கின்றன. அதே விதிகளில் ரேடியோ இழப்புக்கும் ஓர் இடம் வேண்டும்.

வெப்பத்துக்கும் ஒளிக்கும் எண் அச்சிடும் உற்பத்தியாளர்கள், 900 மற்றும் 3,500 மெகாஹெர்ட்ஸில் எத்தனை டெசிபல் இழப்பு என்பதையும் சேர்த்து அச்சிடட்டும். மருத்துவமனை, பள்ளி, குடியிருப்புகளில் ஒவ்வொரு தளத்திலும் ஒரு பகுதி ஜன்னல்களாவது கோடு கீறிய கண்ணாடியாக இருக்க வேண்டும் என்று கட்டட விதிகளின் அடுத்த திருத்தத்திலேயே சேர்க்கலாம்.