காற்றாலை ஊரில் ஓடாத ஃபேன்

தேனிக்காரர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆடி மாசம் மொட்டைமாடியில் துண்டு காயப்போட்டால் பக்கத்துத் தெருவில்தான் போய் எடுக்கவேண்டும். ஆண்டிபட்டி பக்கம் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அப்பேர்ப்பட்ட சீமையில், காற்றில்லாமல் மூச்சுமுட்டி நின்ற ஒரே ஜீவன் என் செகண்ட்ஹேண்ட் கார்தான்!

வாங்கின புதிதில் ஆபீஸ் நண்பர் ஒருவர் காதில் ஓதினார்: "தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிங்க சார். அது குளிர்நாட்டுக்காரனுக்கு! ரேஸ் கார்லயெல்லாம் கிடையவே கிடையாது."

'ரேஸ்' என்று கேட்டாலே என் புத்தி நியூட்ரலுக்குப் போய்விடும். கழற்றியாச்சு. அடுத்த ஞாயிறு அப்பா, அம்மாவோடு மூணாறு கிளம்பியாச்சு.

முந்தல் தாண்டினால் போடிமெட்டு ஏற்றம். 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆறாவதில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ஏழாவதில் பானெட்டிலிருந்து ஆவி. அம்மா பிள்ளையாரைக் கூப்பிட்டாள். நான் வண்டியை ஓரங்கட்டி, வீரமாக இறங்கி, துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன்.

"அண்ணே! கையை எடுங்க!"

ஏலத்தோட்டத்து ஆட்களைக் கூட்டிவர மேலே போய்க்கொண்டிருந்த காலி ஜீப். டிரைவர் பையன் ஓடிவந்தான். "உள்ளே பிரஷர்ண்ணே. அதனாலதான் நூறு டிகிரி தாண்டியும் தண்ணி கொதிக்காம அடங்கிக் கிடக்கு. திறந்தீங்கன்னா அத்தனையும் மூஞ்சிக்குத்தான் வரும்."

என் கை நடுங்கியது. பின் சீட்டில் அப்பா பேசவேயில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

சாவியைப் போடச் சொன்னான். இந்தச் சூட்டில் தானாகச் சுற்றவேண்டிய ஃபேன் அசையவில்லை. ஃபியூஸ் போயிருந்தது!

"ஊருக்குள்ள நல்லாத்தானேப்பா ஓடிச்சு?"

"கீழ வண்டி போற வேகத்துல காத்தே ரேடியேட்டரை ஆத்திடும்ணே. மெட்டுல என்ஜின் கத்தும், வண்டி நகராது. அப்ப ஃபேன்தான் காத்து."

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றியிருக்கேனே..." என்றேன், பெருமையாக. கோயிலுக்கு வெளியே தன் செருப்பைத் தானே தொலைத்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தெர்மோஸ்டாட் ஒரு வாட்ச்மேன். உள்ளே மெழுகு. 82, 88 டிகிரி என்று அதற்கு விதித்த சூடு வந்ததும் மெழுகு உருகி விரிந்து, ரேடியேட்டருக்குப் போகும் கதவைத் திறக்கும். என்ஜின் ரொம்பக் குளிராமல் பார்ப்பது அது. ரொம்பக் கொதிக்காமல் பார்ப்பது ரேடியேட்டரும் ஃபேனும். மலை ஏறுகையில் கதவு எப்படியும் முழுசாகத் திறந்துதான் இருக்கும். அதைக் கழற்றுவதால் என்ன லாபம்? சில என்ஜின்களில் நஷ்டமே உண்டு. சூடேறியதும் பைபாஸ் வழியை அடைப்பதும் அதே வாட்ச்மேன்தான். அவன் இல்லாவிட்டால் வெந்நீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் என்ஜினையே சுற்றும். சமதளத்திலோ என்ஜின் சீக்கிரம் சூடாகாமல் பெட்ரோலைக் குடிக்கும்.

ரேஸ் காரில் சிலர் கழற்றுவது நிஜம்தான். ஆனால் அந்த இடத்தில் அளவாகத் துளையிட்ட தகடு வைப்பார்கள். ரேடியேட்டரையும் அதற்குத் தகுந்தாற்போல் அமைப்பார்கள். நான் நண்பரின் பேச்சைத்தான் வைத்திருந்தேன்.

அரை மணி ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, தன்னிடமிருந்த ஃபியூஸைப் போட்டுக்கொடுத்தான் பையன். ஃபேன் சுற்றியது. காசு நீட்டினேன்; வாங்கவில்லை. முள் அதற்குமேல் ஏறவில்லை. 17-வது வளைவு தாண்டியதும்தான் அப்பா வாயைத் திறந்தார்:

"நல்லா இருந்ததைக் கழற்றினே. கெட்டதைப் பார்க்கலை."

தெர்மோஸ்டாட் இப்போது பழைய இடத்தில். நேற்று அதே நண்பர், "சைலன்சரைக் கழற்றிட்டா பிக்கப் பிச்சுக்கும் சார்" என்றார்.

எழுந்துபோய் அவர் தலைக்குமேல் இருந்த ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு வந்தேன்.