சிறுவனுக்கு வக்கீல் எதற்கு?

குற்றஞ்செய்ததாகப் பிடிபட்ட பிள்ளைகளுக்கு வக்கீல் வேண்டியதில்லை என்று சொல்லுகிறவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இவர்கள் கொடியவர்களல்ல, நல்லவர்களென்றே பேரெடுத்தவர்கள். "பிள்ளைகளை விசாரிக்கிற இடத்தில் இருப்பவர்கள் தாய் தகப்பனைப்போல் புத்தி சொல்லித் திருத்துகிறவர்கள், அங்கே வக்கீலைக் கொண்டுபோய் விட்டால் பையன் பொய் பேசத்தான் கற்றுக்கொள்வான்" என்பது இவர்களுடைய வாதம். கேட்பதற்கு இனிமையாய்த்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தாய் தகப்பன் தத்துவம் அதிகாரத்தின் கையில் அகப்பட்டால் என்ன ஆகுமென்பதற்கு அமெரிக்காவிலுள்ள அரிசோனா மாகாணத்தின் சங்கதி ஒன்றே போதும்.

1964ம் வருஷம் ஜூன் மாதத்தில், 15 வயதுப் பையன் ஒருவன் அண்டை வீட்டு அம்மாளிடம் டெலிபோனில் ஆபாசமாய்ப் பேசினான் என்று கொண்டுபோகப்பட்டான். பெற்றோர் வேலைக்குப் போயிருந்த சமயம். வீட்டில் ஒரு துண்டுக் கடிதாசிகூட வைக்கவில்லை. புகார் சொன்ன அம்மாள் விசாரணைக்கு வரவேயில்லை. அவரை வரவழையுங்கள் என்று பையனுடைய தாயார் கேட்டதற்கு, அவசியமில்லை என்று பதில் வந்தது. பேசியது எதுவும் எழுதிவைக்கப்படவில்லை. வக்கீலும் இல்லை. முடிவு என்ன? 21 வயது முடியுமட்டும் சீர்திருத்தப் பள்ளியில் அடைப்பு, அதாவது 6 வருஷம் வரையில்! இதே காரியத்தை வயதுவந்தவன் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் வரை அபராதம், அல்லது 2 மாதத்துக்கு மேற்படாத ஜெயில். அன்பு காட்டியதன் பலன், 2 மாதம் 6 வருஷமாயிற்று! அந்த மாகாணச் சட்டப்படி இதற்கு அப்பீலும் கிடையாது. கடைசியில் 1967ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு இதைத் தள்ளிவிட்டு, பிள்ளைக்கும் வக்கீல் பாத்தியதை உண்டு, வைத்துக்கொள்ளச் சக்தியில்லாவிட்டால் நியமித்துக் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிற்று.

நமது நாட்டைப் பார்ப்போம். சென்னை மாகாணத்தில் 1920லேயே பிள்ளைகளுக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. இப்போது நடப்பது 2015ம் வருஷத்துச் சட்டம். ஒரு மாஜிஸ்திரேட்டும் 2 சமூக ஊழியர்களும் கொண்ட இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். பிள்ளைக்குச் சட்ட உதவி கிடைக்கும்படி பார்ப்பது அக்குழுமத்தின் கடமை.

இப்படிச் சட்டத்தில் எழுதியிருந்தால் போதுமா? விசாரணை நாளன்று வராந்தாவில் பையனுடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு உள்ளே போகிற வக்கீலால் யாருக்கு என்ன பிரயோஜனம்? ஜாமீனென்பது பிள்ளைக்குச் சாதாரணமாய்க் கொடுக்கவேண்டியது, மறுப்பதுதான் விதிவிலக்கு என்று எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். சில்லரைக் குற்றத்தின் விசாரணை 4 மாதத்திலும், நீட்டித்த 2 மாதத்திலும் முடியாவிட்டால் அது தானாகவே முடிந்துபோகும் என்பது சட்டம். அந்த நாளை எண்ணிக்கொண்டிருப்பது பையனா, கூலிக்குப் போகும் அவன் தகப்பனா? இவற்றையெல்லாம்விட ஆபத்தானது வேறொன்று. 16 வயது நிரம்பியவன்மேல் கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், அவனைப் பெரியவனைப்போல் விசாரிக்கலாமா என்று குழுமம் அவனுடைய மனநிலையையும் பக்குவத்தையும் மதிப்பிடுகிறது. அவனுடைய ஆயுள் முழுவதும் தொங்குகிற அந்த இடத்தில், அவன் பக்கம் பேச ஒருவருமில்லாமல் நடப்பதற்கு விசாரணை என்ற பெயர் தகுமா?

பொய் சொல்லக் கற்றுக்கொள்வான் என்கிற கனவான்கள் தங்கள் வீட்டுப் பையன் பிடிபட்டால் முதலில் எங்கே ஓடுவார்கள்? ஏழை வீட்டார் மாத்திரம் "தலையெழுத்து" என்று வாசலில் உட்கார்ந்திருக்கவேண்டுமா? 1987ம் வருஷத்துச் சட்டப்படி, குடும்ப வருமானம் எவ்வளவென்று பாராமலே பிள்ளைக்கு இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள். கிடைத்த வக்கீல் பிள்ளையைத் தனியே பார்த்துப் பேசினாரா என்பதையும் விடாமல் விசாரியுங்கள்.