18 கோடியும் அரைச் சேக்கலும்

தியானப் பகுதி: யாத்திராகமம் 30:11-16, லேவியராகமம் 27:1-8, லூக்கா 12:6-7



மழைக்காலம் வந்துவிட்டது. மரக்காணத்து உப்பளப் பாத்திகள் வரப்புத் தெரியாமல் நீரில் மூழ்கிக் கிடக்கின்றன. தை பிறந்து வெயில் ஏறும்வரை நம்மில் பலருடைய கைகளுக்கு வேலை இல்லை. வேலை குறையும் நாட்களில் பேச்சு பெருகும். கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஆலய வராந்தாவில் நம் வாலிபர்கள் நின்று பேசியதெல்லாம் ஒரே பொருளைப் பற்றியதுதான்: ஜடேஜாவை விட்டுக்கொடுத்தது சரியா, தவறா?

கிரிக்கெட் பாராத மூத்தோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 நவம்பர் 15 அன்று, ஐ.பி.எல். அணிகளான சென்னை சூப்பர் கிங்ஸும் ராஜஸ்தான் ராயல்ஸும் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொண்டதாக அறிவிப்பு வந்தது. சென்னையின் சுழற்பந்து வீச்சாளரும் மட்டையாளருமான இரவீந்திர ஜடேஜா ராஜஸ்தானுக்குச் சென்றார். ராஜஸ்தான் அணியின் தலைவராயிருந்த சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். சாம்சனின் ஊதியம் 18 கோடி ரூபாய். ஜடேஜாவின் ஊதியம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைக்கப்பட்டது. அவரோடுகூட 2.4 கோடி ஊதியம் பெறும் சாம் கரன் என்னும் இங்கிலாந்து வீரரும் ராஜஸ்தானுக்குக் கொடுக்கப்பட்டார்.

வாலிபர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடிக்கொண்டிருக்க, நாற்பது ஆண்டுகளாக உப்பு வாரிய நம் சபைப் பெரியவர் ஒருவர் தூணில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஐயா, வயசாயிடுச்சின்னு அவருக்கு நாலு கோடி கொறச்சிட்டாங்களாமே. எனக்கு எவ்ளோ கொறப்பாங்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் சிரிப்பு நிற்கவில்லை, கேள்வி நின்றது. அதற்கு விடைதேடிய சிந்தனையே இந்த வாரத் தியானம்.

முதலில் வியாபாரத்தை வியாபாரமாகவே பார்ப்போம். ஜடேஜா 2012 இல் சென்னை அணிக்கு வந்தவர். 2023 இறுதி ஆட்டத்தில் கடைசி இரண்டு பந்துகளில் 10 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது, ஒரு ஆறும் ஒரு நான்கும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவர். அதை மறந்தவர் நம் வாலிபரில் ஒருவருமில்லை. ஆனால் 2025 இல் சென்னை அணி பத்து அணிகளில் கடைசி இடத்தில் நின்றது. அப்போது ஜடேஜாவுக்கு வயது 36, சாம்சனுக்கு 31. விக்கெட்டுக்குப் பின்னால் நின்ற தோனிக்கோ 44. அவருக்குப்பின் அந்த இடத்தில் நிற்க ஒருவர் வேண்டியிருந்தது. சாம்சன் அந்த வேலை தெரிந்தவர். ஆகவே சென்னை தன் தேவையை நிறுத்துப் பார்த்தது. ராஜஸ்தானும் தன் தேவையை நிறுத்துப் பார்த்தது.

இதில் பாவம் என்று சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை. வீரரின் சம்மதமில்லாமல் இத்தகைய மாற்றம் நடக்காது என்பது அங்கே விதி. பண்டமாற்று நம் கரைக்குப் புதியதுமன்று. சங்க காலத்து எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்று அறிஞர் கருதுவர். அக்காலத்து உமணர்கள் உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கினார்கள். என்னிடம் மிகுந்திருப்பதைக் கொடுத்து என்னிடம் இல்லாததைப் பெறுவது நேர்மையான காரியம். நன்றி மறந்துவிட்டார்கள் என்று அணியையும், ஓடிவிட்டார் என்று வீரரையும் கைப்பேசியில் வசைபாடும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்: உங்கள் கோபம் அன்பிலிருந்து பிறந்தது, அறிவேன், ஆனால் அது வசையாக முடிந்தால் அன்பு என்னும் பெயரை இழந்துவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விலை என்பது வாங்குகிறவனுடைய அந்த நேரத்துத் தேவையைச் சொல்லும். விற்கப்படுகிறவனுடைய மதிப்பைச் சொல்லாது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் தங்கராசு நடராஜனை நினைத்துப் பாருங்கள். 2017 ஏலத்தில் 10 இலட்சத்தில் தொடங்கிய அவர் விலை 3 கோடியில் முடிந்தது. மறு ஆண்டிலேயே அது 40 இலட்சமாக இறங்கியது. வலைப்பயிற்சியில் பந்துவீச ஆஸ்திரேலியாவுக்குச் சென்றவர், 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் இடையில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக முதன்முதலாக ஆடினார். 2024 ஏலத்தில் அவர் விலை 10.75 கோடி. அதே கை, அதே தாயின் பிள்ளை. மூன்று கோடியானபோது அவர் பெரிய மனிதராகவும், நாற்பது இலட்சமானபோது சிறிய மனிதராகவும் ஆகிவிட்டாரா?

விலைபேசுகிறவர்கள் தவறுவதும் உண்டு. அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில், சிறந்த பந்தெறிவீரராய்ப் பெயர்பெற்ற பேப் ரூத்தை 1919 இன் இறுதியில் பாஸ்டன் அணி நியூயார்க்குக்கு விற்றது. 1918 இல் வென்றிருந்த பட்டத்தை மறுபடி வெல்ல அந்த அணி 2004 வரை காத்திருக்க நேர்ந்தது. உப்பு நிறுக்கிற நமக்கு இது விளங்கும். ஈரம் சேர்ந்த உப்பு தராசில் கூடுதலாக நிற்கும். அதனால் அது நல்ல உப்பாகிவிடாது.

இனி வேதத்திற்கு வருவோம். மனிதருக்கு விலைகுறிக்கும் அதிகாரம் ஒன்று வேதத்திலேயே இருக்கிறது. லேவியராகமம் 27 ஐ வாசித்துப் பாருங்கள். ஒருவர் இன்னொருவரைக் கர்த்தருக்கென்று பொருத்தனை செய்தால், அதற்கு ஈடாகச் செலுத்தவேண்டிய தொகை அங்கே வயதுவாரியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இருபது முதல் அறுபது வயதுவரையுள்ள ஆணுக்கு 50 சேக்கல், பெண்ணுக்கு 30. அறுபதைக் கடந்தால் ஆணுக்கு 15, பெண்ணுக்கு 10. வாசிக்கும்போது மனம் சுருங்குகிறது. நம் பெரியவரின் கேள்விக்கு வேதமே எண்ணோடு விடை சொல்லிவிட்டதோ என்று தோன்றுகிறது. ஆனால் அந்தப் பட்டியல் உழைப்பின் திறனைக் கணக்கிடும் பட்டியல். கொடுக்க வழியில்லாத ஏழை வந்தால், அவன் திராணிக்கு ஏற்றபடி ஆசாரியன் மதிக்கவேண்டும் என்று எட்டாம் வசனம் அந்தப் பட்டியலையே தளர்த்திவிடுகிறது.

இன்னொரு தராசும் இருக்கிறது. யாத்திராகமம் 30 இல், ஜனங்கள் எண்ணப்படும்போது தங்கள் ஆத்துமாவுக்காகச் செலுத்தும் மீட்கும்பொருள் அரைச் சேக்கல் என்று சொல்லப்படுகிறது. அங்கே ஐசுவரியவான் அதற்கு அதிகமாகக் கொடுக்கக் கூடாது. தரித்திரன் அதற்குக் குறைவாகவும் கொடுக்கக் கூடாது. வலிமையுள்ளவனுக்கும் தளர்ந்தவனுக்கும் ஒரே காசு. உழைப்புக்கு ஒரு தராசு, உயிருக்கு ஒரு தராசு. இரண்டையும் தேவன் தனித்தனியே வைத்திருக்கிறார். நம்முடைய குற்றம், முதல் தராசைக் கையிலெடுத்துக்கொண்டு இரண்டாம் தராசுக்குரிய இடங்களுக்குள் நுழைவதுதான்.

பெண் பார்க்கப் போகும் வீட்டில் நுழைகிறோம். பிள்ளையின் படிப்புக்கு இத்தனை சவரன் என்கிறோம். பரீட்சையில் தவறிய மகனை, உதவாதவன் என்கிறோம். மூட்டை தூக்க முடியாத தகப்பனை, திண்ணையோடு சரி என்கிறோம். தளர்ந்த உடலுக்குக் கூலி குறைவது உலக வழக்காயிருக்கலாம்; வீட்டில் மரியாதை குறைவதற்கு எந்த நியாயமும் இல்லை.

சபைக்குள் மட்டும் அந்தத் தராசு வராதா? இங்கே நான் என் குற்றத்தை அறிக்கை செய்யவேண்டும். மூன்று வாரங்களுக்கு முன் அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டோம். ஒலிவாங்கி என் கையில் இருந்தது. வாழைத்தாரை உயர்ந்த விலைக்கு எடுத்தவர் பெயரை மும்முறை சொல்லி, கைதட்டச் சொன்னேன். பிறகு ஒரு பூசணிக்காய் வந்தது. கேட்பாரில்லை. அருகே ஒரு பொட்டலம் உப்பு இருந்தது. "பூசணிக்காய் எடுத்தால் உப்பு இலவசம்" என்றேன். சபை சிரித்தது. அந்த உப்பைக் கொண்டுவந்து வைத்தவர் தூணில் சாய்ந்து கேள்வி கேட்ட அதே பெரியவர். இதை இந்த வாரம்தான் அறிந்தேன்.

அடைக்கலான் குருவிகளைப் பற்றி நம் ஆண்டவர் சொன்னதை இரண்டு சுவிசேஷகர்கள் இரண்டு கணக்கில் எழுதியிருக்கிறார்கள். மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. அப்படியானால் நான்கு குருவிகளுக்குத்தான் விலை. ஐந்தாவது குருவி கொசுறு. விலையே இல்லாத அந்த ஐந்தாவதும் தேவனால் மறக்கப்படுவதில்லை என்று ஆண்டவர் உறுதி சொல்கிறார். பெரிய பேரத்தில் மூன்றாம் பெயராகச் சேர்க்கப்பட்டவரையும், பூசணிக்காயோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட உப்பையும் நினைக்கும்போது, அந்த ஐந்தாம் குருவி என் நெஞ்சில் வந்து உட்காருகிறது.

நம் ஆண்டவரும் விலைபேசப்பட்டவரே. யோசேப்பை 20 வெள்ளிக்காசுக்குச் சகோதரர் விற்றார்கள். இயேசுவை 30 வெள்ளிக்காசுக்குச் சீஷன் விற்றான். மாடு முட்டிக் கொன்ற அடிமைக்காக எஜமானுக்குக் கொடுக்கும்படி நியாயப்பிரமாணம் குறித்த தொகையும் 30 சேக்கல்தான். அடிமையின் விலை குறிக்கப்பட்டவர், வெள்ளியாலும் பொன்னாலும் அல்ல, தம்முடைய இரத்தத்தாலேயே நம்மை மீட்டார் என்று பேதுரு எழுதுகிறார். அந்த விலையில் மூத்தவருக்குத் தள்ளுபடி இல்லை. வாலிபருக்குக் கூடுதலும் இல்லை.

பெரியவரே, உங்கள் கேள்விக்கு என் விடை இது: உங்களுக்கு ஒரு காசும் குறைக்கப்படவில்லை. குறைத்தவன் நான், என்னை மன்னியுங்கள். அடுத்த அறுப்பின் பண்டிகையில் ஏலம் எடுத்தவர் பெயர் ஒலிவாங்கியில் சொல்லப்படாது. எந்தக் காணிக்கையும் இன்னொன்றோடு இலவசமாகப் போகாது. இதைச் சபைக் குழுவின் முன் வைக்கப்போகிறேன். அதுவரைக்கும், இந்த மழைமாதங்களில் வேலையின்றி வீட்டிலிருக்கும் ஒருவரையாவது இந்த வாரம் ஒவ்வொரு குடும்பமும் சென்று பார்ப்போமாக. கையில் ஏதும் கொண்டுபோக இயலாவிட்டாலும், அவருடைய பெயரைச் சொல்லி அழைத்து, அருகில் உட்கார்ந்து பேசுங்கள்.

ஜெபிப்போம்: ஐந்தாம் குருவியை மறவாத தேவனே, உமக்குரிய தராசை எங்கள் கையில் எடுத்துக்கொண்டதை மன்னியும். எங்கள் வீட்டு மூத்தோரையும், தோற்றுப்போன பிள்ளைகளையும், வேலையற்ற சகோதரரையும் உம்முடைய கண்களால் பார்க்க எங்களுக்குக் கற்றுத்தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் ஆயர்