சுவரும் சுண்ணாம்பும்

திண்டுக்கல்லிலே சுவர்களுக்குப் பஞ்சமில்லை. தோல் பதனிடும் கூடத்தின் மதில், நூற்பாலையின் நெடுஞ்சுவர், மலைக்கோட்டை நோக்கிச் செல்லும் தெருக்களிலே வரிசை வரிசையாய் வீட்டுச் சுவர்கள்! தேர்தல் வந்தால் அவற்றிலே எழுத்து ஏறும். திருவிழா வந்தால் தெய்வம் ஏறும். இரண்டும் முடிந்தால் சுண்ணாம்பு ஏறும். சுண்ணாம்புக்கு அடியிலே என்ன இருந்தது என்று கேட்பாரில்லை.

நாம் கேட்கிறோம்.

பெண்ணுக்கு அந்தச் சுவரிலே இடமில்லையா? உண்டு, தாராளமாக உண்டு! தாமரைமீது நிற்கிறாள், சிங்கத்தின்மீது அமர்கிறாள், பாரதமாதா என்று பெயர் சூட்டிக் கையிலே கொடி கொடுக்கிறார்கள். நம் தோழர்கள் வேலு நாச்சியாரை வரைகிறார்கள், ஓங்கிய வாளுடன். 1772-இல் காளையார்கோவிலில் கணவர் கொல்லப்பட, திண்டுக்கல் சீமையிலே, விருப்பாட்சிப் பக்கத்திலே அடைக்கலம் புகுந்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர் அவர். வாளை வரைந்தோம், காத்திருந்த ஆண்டுகளை வரைந்தோமா? வெற்றிக்கு வண்ணம் உண்டு, காயத்துக்கு இல்லை என்பதுதானே நமது சுவரின் இலக்கணம்!

இந்த இலக்கணத்தை மறுத்து, காயத்தையே தன் வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஓவியர் ஒருவர் உண்டு. நளினி மலானி. 1946-இல் கராச்சியிலே பிறந்தார். மறு ஆண்டே நாடு பிளந்தது. கைக்குழந்தையுடன் குடும்பம் அகதியாகிக் கல்கத்தா வந்தது, பின்னர் பம்பாய். அங்கே ஜே. ஜே. ஓவியப் பள்ளியிலே பயின்றார். ஓவியம் ஆண்களின் ஆட்சியாக இருந்த காலத்தில், 1980-களின் இறுதியில், அர்ப்பிதா சிங், நீலிமா ஷேக், மாதவி பாரேக் ஆகியோரோடு சேர்ந்து பெண்களே நடத்திய கண்காட்சியை ஊர் ஊராகக் கொண்டு சென்றார்.

பிரிவினையின்போது சுமார் 75,000 பெண்கள் கடத்தப்பட்டனர், சிதைக்கப்பட்டனர் என்பார்கள். பிறகு என்ன நடந்தது? 1949-இலே சட்டம் போட்டார்கள், கடத்தப்பட்டோரை மீட்பதற்கு! மீட்கப்பட விருப்பமா என்று அந்தப் பெண்ணைக் கேட்கவில்லை. களவு போன மாட்டைத் தேடிப் பிடித்து உரியவன் கொட்டிலிலே கட்டுவது போல, இரு அரசுகளும் பெண்களைக் கணக்குப் பார்த்து மாற்றிக் கொண்டன. நாட்டைத் தாய் என்று கும்பிட்ட கைகள்தாம் இதையும் செய்தன. 2005-இல் மலானி ஐந்து திரைகளிலே படமாக ஓடவிட்ட படைப்புக்கு 'மதர் இந்தியா' என்றே பெயரிட்டார். பிரிவினையும் 2002 குஜராத்தும் அதிலே அடுத்தடுத்து வருகின்றன. அந்தப் பெயரை வேறு யாரும் இவ்வளவு கடுமையாக உச்சரித்ததாக நாம் அறியோம்.

1998-இல் பொக்ரானில் அணுகுண்டு வெடித்து ஊரெல்லாம் இனிப்பு வழங்கியபோது, மண்டோவின் 'டோபா டேக் சிங்' கதையை நினைவூட்டிப் படைத்தார். 2018-இல் கதுவாவிலே எட்டு வயதுச் சிறுமியைக் கோயிலுக்குள் அடைத்துச் சிதைத்துக் கொன்றார்கள். குற்றம் சாட்டப்பட்டோருக்கு ஆதரவாக ஊர்வலமும் போனார்கள்! அப்போது எழுபது வயதைக் கடந்திருந்த மலானி, ஐ-பேடிலே விரலால் வரைந்து, 'நான் பேசுவது கேட்கிறதா?' என்ற பொருளிலே தலைப்பிட்டு, அசையும் சித்திரங்களாகச் சுவரெங்கும் ஓடவிட்டார்.

அவர் வரையும் முறையையும் சொல்ல வேண்டும். தஞ்சைக் கண்ணாடிப் படம் தீட்டுவோர் செய்வது போல, ஒளி ஊடுருவும் தகட்டின் பின்புறத்திலே, கடைசியில் வைக்க வேண்டிய கோட்டை முதலில் வைத்துத் தலைகீழாகத் தீட்டுகிறார். அந்தத் தகட்டை உருளையாக்கிச் சுழலவிட்டு விளக்கைப் பாய்ச்சினால் தோல்பாவைக் கூத்துப் போல நிழல்கள் எழும். பார்க்க வந்தவன் நிழலும் அவற்றோடு சுவரில் விழும். ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்க முடியாது!

"பழைய புண்ணைக் கிளறுவானேன்?" என்பார்கள் சாந்தமூர்த்திகள். ஆறிய புண்ணையா கிளறுகிறார்? 1992-இல் வாச்சாத்தியிலே அரசின் ஆட்களே பெண்களைச் சிதைத்தார்கள். உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது 2023-இலே! முப்பத்தொரு ஆண்டுகள் அந்த ஊர்ப் பெண்கள் மறவாதிருந்ததால் அல்லவா வழக்கு உயிரோடிருந்தது?

"ஓவியம் சீமான் வீட்டுக் கூடத்து அலங்காரம்" என்பான் நம் தோழன் ஒருவன். பாதி உண்மைதான். 2017-இல் பாரிசின் பொம்பிடூ மையமும், 2023-இல் இலண்டன் நேஷனல் காலரியும் மலானியின் படைப்பைக் காட்டின. கியோட்டோ பரிசும் அந்த ஆண்டே கிடைத்தது. அந்த மாளிகைகளுக்கு நூற்பாலைத் தொழிலாளி போகப் போவதில்லை. ஆனால் தோழா, இதே மலானி 1992-இல் பம்பாய்க் கண்காட்சிக் கூடத்தின் சுவர்மீதே வரைந்தார். வாங்க முடியாது, விற்க முடியாது. சில நாட்கள் கழித்து அதன்மேல் வெள்ளையடித்தார்கள்! நாத்துவாராவில் பழைய சுவரோவியங்கள் கவனிப்பாரற்று அழிவதை அப்படி அழித்தே காட்டினார். அங்கே சுண்ணாம்பு குற்றச்சாட்டாயிற்று. இங்கே அது மறதியாகவே இருக்கிறது.

2021 சனவரியிலே நம் திண்டுக்கல் மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலையில் உழைத்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டாள், மேற்பார்வையாளன் கைதானான். பெண்கள் தலைமை தாங்கும் தொழிற்சங்கம் போராடி, 2022 ஏப்ரலில், ஆலைகளில் பெண்கள்மீதான வன்முறையைத் தடுக்க ஒப்பந்தம் கண்டது. 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று நமது ஊரின் பெயரால் உலகத் தொழிற்சங்க வட்டாரங்களிலே அதைப் பேசுகிறார்கள். பூட்டையும் பிரியாணியையும் சொல்லிப் பெருமைப்படும் நாம் இதைச் சொன்னோமா?

அடுத்த மாநாட்டுக்குச் சுவர் பிடிக்கக் கிளம்பும் தோழர்கள், தலைவர் படத்துக்கு எடுத்து வைத்த சுவர்களிலே ஒன்றை, ஆலைப் பேருந்து நின்று பெண்களை ஏற்றிச் செல்லும் இடத்தில் உள்ள ஒன்றை, விட்டு வையுங்கள். என்ன வரைவது என்று அந்தப் பேருந்துக்குக் காத்து நிற்பவர்களைக் கேளுங்கள்.