எழுதாத பரீட்சை தோல்வி அல்ல



சென்ற மாதம் கிளிநொச்சியில் ஒரு தாயைச் சந்தித்தேன். 2009இல் கணவரை இழந்தவர். கோழி வளர்த்தும் தோட்ட வேலைக்குப் போயும் மகளைப் பல்கலைக்கழகம் வரை படிப்பித்தவர்.

"தங்கச்சி, பிள்ளைக்கு டெங்குக் காய்ச்சல் வந்து ரெண்டு சோதினை எழுதேல்லை. ரிசல்ட்டில அந்த ரெண்டு பாடத்துக்கும் ஒண்டும் இல்லையாம். இனிக் கம்பசுக்குப் போகமாட்டன் எண்டு படுத்திருக்கிறாள்" என்று அழுதார்.

"மெடிக்கல் குடுத்தனீங்களோ?" என்று பிள்ளையைக் கேட்டேன். வைத்தியசாலைத் துண்டு அலுமாரிக்குள் அப்படியே இருந்தது.

அவள் செய்த ஒரே பிழை அதுதான். நோய் காரணமாகப் பரீட்சைக்குப் போகாவிட்டால், குறித்த நாட்களுக்குள் வைத்தியச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டால், அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே கணிக்கப்படும். முழுத் தரமும் கிடைக்கும். அறிவிக்காமல் விட்டால் அது மீள்பரீட்சை ஆகிவிடும். நமது பல்கலைக்கழகங்களில் பொதுவாக, மீள எழுதுபவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் 'சி' தரத்துக்கு மேல் பெற முடியாது. 4 புள்ளி கிடைக்கக்கூடிய இடத்தில் 2 புள்ளிதான். வகுப்புச் சித்தி கைநழுவக்கூடும். ஆனால் பட்டம் போய்விடாது.

தரம் 'முடிவுறாதது' என்று வந்தாலும் பயந்து ஒதுங்க வேண்டாம். குறைவது ஒப்படையா, எழுத்துப் பரீட்சையா என்று முதலில் கேட்டறியுங்கள்.

செய்ய வேண்டியவை இவை:

1. நோய் வந்த அன்றே துறைத் தலைவருக்கோ பீட அலுவலகத்துக்கோ அறிவியுங்கள்.

2. அரச வைத்தியசாலையில் சான்றிதழ் எடுத்து, பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள்.

3. நெருங்கிய உறவினர் இறந்ததால் போகமுடியவில்லை என்றால், மரணப் பத்திரத்துடன் கடிதம் கொடுங்கள்.

4. கொடுத்த கடிதத்துக்குத் திகதியிட்ட கையொப்பம் வாங்குங்கள்.

வவுனியாப் பல்கலைக்கழகம் (2021 வரை யாழ். பல்கலைக்கழகத்தின் வளாகம்), கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள பீடங்கள், திறந்த பல்கலைக்கழகம் என ஒவ்வொன்றுக்கும் தனி விதிகள் உண்டு. நாள் எல்லையும் வேறுபடும். மாணவர் கைநூலை முதல் வருடத்திலேயே வாசிக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு நாள் கடந்துவிட்டது. என்றாலும் தாமதத்துக்கான காரணத்தையும் எழுதி, சான்றிதழுடன் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் திங்கட்கிழமை அவள் விரிவுரைக்குப் போய்விட்டாள்.

எத்தனையோ இழப்புகளைத் தாண்டி வந்த நாங்கள், கொடுக்காமல் விட்ட ஒரு கடிதத்துக்காகப் பிள்ளைகளின் படிப்பை இழக்கலாமா?