ரிப்போர்ட் மட்டும் தீர்ப்பு சொல்லாது

தறியில் உட்காருபவர்களுக்கும் நாற்று நடுபவர்களுக்கும் மூட்டுவலி புதிதல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்தின் கூரம், உத்திரமேரூர் பக்கத்தில் இப்போது வலியோடு ஒரு லேப் ரிப்போர்ட்டும் கைக்கு வந்துவிடுகிறது. அதில் ‘ஆர்.ஏ. பேக்டர் பாசிட்டிவ்’ அல்லது ‘ஏ.என்.ஏ. பாசிட்டிவ்’ என்றிருந்தால், வீடே கலங்கிப்போகிறது.

உடல் தன் திசுக்களையே எதிரியாக எண்ணி உருவாக்கும் ஆன்டிபாடிகளைத் தேடுபவை இந்தச் சோதனைகள். அந்த ஆன்டிபாடிகள் நோய் இல்லாதவர்களிடமும் இருக்கலாம். 1997இல் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து செய்த ஆய்வில், நலமாக இருந்தவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு 1:80 டைட்டரில் (ரத்தத்தின் நீர்ப்பு அளவு) ஏ.என்.ஏ. தெரிந்தது. காசநோய், தொழுநோய், ஹெபடைடிஸ் சி ஆகியவற்றிலும் முதுமையிலும் ஆர்.ஏ. பேக்டர் பாசிட்டிவ் ஆகலாம். முடக்குவாதத்துக்கு (ஆர்.ஏ.) அதைவிட நம்பகமானது ஆன்டி-சிசிபி சோதனை. ஆனால், இரண்டுமே நெகட்டிவாக வந்தும் முடக்குவாதம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். இல்லாத நோய்க்கு மருந்து, இருக்கும் நோய்க்கு அலட்சியம் என இரு பக்கமும் ஆபத்துதான்.

நோயை முதலில் சொல்வது உடல். கைவிரல் மூட்டுகளில் ஆறு வாரத்துக்கு மேல் வீக்கம், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் இறுக்கம் இருந்தால் முடக்குவாதத்தைச் சந்தேகிக்க வேண்டும். இளம்பெண்ணுக்கு மூட்டுவலியோடு முகத்தில் செம்படை, முடி உதிர்தல், வாய்ப்புண் சேர்ந்தால் உடல் தன்னையே தாக்கும் இன்னொரு நோயான லூபஸ் நினைவுக்கு வர வேண்டும். சிக்குன்குனியா வலியும் மாதக்கணக்கில் நீடித்து முடக்குவாதம் போலவே தோன்றும். இவற்றைப் பிரித்தறிய, கேட்டு, தொட்டுப் பார்க்கும் மருத்துவர் தேவை; அவரது சந்தேகத்தை உறுதி செய்யத்தான் ரத்தப் பரிசோதனை.

ஆகவே பொறுப்பு எல்லோருக்கும் உண்டு. மருத்துவர்கள் அறிகுறி பார்த்தே சோதனை எழுத வேண்டும். லேப்கள் ‘பாசிட்டிவ்’ என்று நிறுத்தாமல் டைட்டர் அளவையும் சோதனை முறையையும் குறிப்பிட வேண்டும். ‘பேக்கேஜ்’ என்ற பெயரில் இந்தச் சோதனைகளை விற்கக் கூடாது. மருந்துக்கடைகள் மருத்துவர் சீட்டில்லாமல் வலிக்கு ஸ்டீராய்டு தரக் கூடாது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ருமட்டாலஜிக்கு, அதாவது மூட்டுநோய் மருத்துவத்துக்கு, தனித்துறையே உள்ளது. அந்த நிபுணத்துவம் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமங்களையும் எட்ட அரசு வழி செய்ய வேண்டும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அரசுத் திட்டத்தின் ஊழியர்கள் வீடு தேடி வரும்போது, மூட்டு வீக்கத்தையும் விசாரிக்க அவர்களைப் பழக்கலாம்.

நம் பங்கும் சிறிதல்ல. வலி வந்ததும் நாமாக லேபுக்கு ஓடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவோம். கைக்கு வந்த ரிப்போர்ட்டை மருத்துவர் விளக்கும்வரை, நோய் என்றும் முடிவு கட்ட வேண்டாம், இல்லையென்றும் அலட்சியம் செய்ய வேண்டாம்.